சாவியைத் திருப்பியவள்

எனக்குப் பத்து வயது நடந்தபோது, ஒரு காணும் பொங்கலன்று, என் அப்பாவின் காலைக் காரால் உடைத்தேன். உடைக்க வேண்டும் என்று செய்யவில்லை. சொன்ன வேலையைச் செய்தேன். சொன்ன வேலையை அவ்வளவு சரியாக அதற்கு முன் நான் செய்ததே இல்லை.

எங்கள் ஊர் பிள்ளைப்பாக்கம். நிலம் தொழிற்பேட்டைக்குப் போன பிறகு அப்பா ஒரகடம் பக்கம் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிக்கொண்டிருந்தார். வந்த பணத்தில் வீட்டுக்குப் பின்னால் வரிசையாக ஆறு அறைகள் கட்டி, ஒரகடம் கம்பெனிகளில் வேலை செய்யும் தெற்கத்திப் பையன்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தோம். மிச்சத்தில் ஒரு பழைய வெள்ளைக் கார் வந்தது. அது என்னைவிட ஏழு வயது மூத்தது.

காரை வாங்கியவர் அப்பா. ஆனால் நன்றாக ஓட்டியவள் அம்மா. அப்போது எங்கள் ஊர்த் தொழிற்பேட்டைக்குள் ரோடு போட்டு, விளக்குக் கம்பமும் நட்டிருந்தார்கள். கம்பெனிகள் இன்னும் வந்து சேரவில்லை. அகலமான அந்த ரோடுகளை எங்கள் ஊர் ஆடுகள் மட்டுமே பயன்படுத்திக்கொண்டிருந்தன. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் அங்கேதான் அப்பா அம்மாவுக்குக் கார் கற்றுக்கொடுத்தார். அம்மா செருப்பைக் கழற்றிப் பின்சீட்டில் என்னிடம் கொடுத்துவிட்டு வெறுங்காலோடு ஓட்டுவாள். ஆறே மாதத்தில் ஸ்ரீபெரும்புதூர் கடைத்தெரு வரைக்கும் தனியாகப் போய் வந்தாள். எங்கள் தெருவில் கார் ஓட்டிய முதல் பெண் அவள்தான். சில பேர் அதைச் சொல்லிச் சிரித்தார்கள், சில பேர் அவசரத்துக்கு வந்து அவளைக் கூப்பிட்டார்கள், சில பேர் இரண்டையும் செய்தார்கள்.

அந்த மார்கழியில் காருக்கு ஸ்டார்ட்டர் மோட்டார் போய்விட்டது. சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்று ஒரு சத்தம் வரும். அதற்குப் பிறகு ஒன்றும் வராது. உள்ளே கார்பன் தேய்ந்துபோயிருக்கிறது, மாற்றிவிடுங்கள் என்று மெக்கானிக் சொன்னார். பொங்கல் போகட்டும் என்றார் அப்பா. அதுவரைக்கும் இரண்டு வழி இருந்தது. ஒன்று, பின்னால் இருக்கும் பையன்கள் நாலு பேர் தள்ளுவது. இன்னொன்று, ஒருவர் சாவியைத் திருப்பிப் பிடித்துக்கொண்டிருக்க, இன்னொருவர் பானெட்டுக்குள் தலையை விட்டு அந்த மோட்டாரை இரும்புக் கம்பியால் தட்டுவது. இரண்டு தட்டுத் தட்டினால் மோட்டார் தூக்கம் கலைந்தது போலச் சுற்ற ஆரம்பிக்கும். எப்போதும் அம்மா சாவியைப் பிடிப்பாள், அப்பா தட்டுவார்.

பொங்கலுக்குப் பையன்கள் எல்லோரும் ஊருக்குப் போய்விட்டார்கள். ஓ.டி. கிடைக்கிறது என்று ஒரே ஒரு பையன் மட்டும் தங்கியிருந்தான், தென்காசிப் பக்கத்துக்காரன். அவனும் ஷிஃப்ட் முடிந்து வந்து கதவைச் சாத்திக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தான். நாங்கள் மணிமங்கலத்தில் இருக்கும் சித்தி வீட்டுக்குப் புறப்பட வேண்டும். அம்மா உள்ளே புடவை கட்டிக்கொண்டிருந்தாள். அப்பா வாசலிலிருந்து என்னைக் கூப்பிட்டார்.

“பாப்பா, இங்க வா. உள்ள குந்திகினு சாவியத் திருப்பிப் புடி. நான் தட்றேன். வண்டி எட்த்துகினா வுட்டுடு.”

“அம்மாவக் கூப்டவாப்பா?”

“அவ பொடவ கட்டிகினு கீறா. நீ போதும்.”

நீ போதும் என்று அதற்கு முன் யாரும் என்னிடம் சொன்னதில்லை. புதுப் பாவாடை கசங்கினாலும் பரவாயில்லை என்று ஓட்டுநர் சீட்டின் நுனியில் உட்கார்ந்தேன். கால் கீழே எட்டவில்லை. கார் வீட்டுச் சுவரைப் பார்த்து நின்றிருந்தது. அப்பா சுவருக்கும் காருக்கும் நடுவில் நின்றார். பானெட் தூக்கியிருந்ததால் அவர் எனக்குத் தெரியவில்லை. குரல் மட்டும்தான் வந்தது.

“திருப்பு.”

திருப்பினேன். டக். அப்பா தட்டினார். ஒன்றும் இல்லை. “வுடாத, புடி” என்றார். நான் இரண்டு கையாலும் சாவியைப் பிடித்துக்கொண்டேன். மறுபடியும் தட்டினார்.

கார் ஒரு முறை எகிறியது. நான் ஸ்டியரிங்கில் போய் இடித்துக்கொண்டேன். எகிறிய கார் அப்படியே உதறிக்கொண்டு நின்றுவிட்டது. என்ஜின் சத்தம் இல்லை. தெருவில் எங்கோ மாட்டுச் சலங்கை மட்டும் கேட்டது.

“பாப்பா, சாவிய எட்த்துடு” என்றார் அப்பா. சாதாரணமாகத்தான் சொன்னார். தண்ணீர் எடுத்துவா என்பது போல. நான் சாவியை உருவிக் கையில் வைத்துக்கொண்டு கீழே இறங்கினேன். வேலையை ஒழுங்காக முடித்துவிட்டேன் என்று எனக்குப் பெருமை.

“எட்த்துகிச்சாப்பா?” என்று கேட்டுக்கொண்டே முன்பக்கம் போனேன்.

அப்பா நின்றுகொண்டிருந்தார். ஒரு கை என்ஜின் ஓரத்தைப் பிடித்திருந்தது, இன்னொரு கையில் கம்பி அப்படியே இருந்தது. இடுப்புக்குக் கீழே பம்பர் அவரைச் சுவரோடு வைத்து அழுத்தியிருந்தது. இடது கால் முட்டிக்கு மேலே, வளையக் கூடாத இடத்தில் வளைந்திருந்தது. முகம் சாம்பல் பூசியது போல இருந்தது. அவர் என்னைப் பார்த்து ஏதோ சொல்ல வந்தார். வாய் மட்டும் அசைந்தது.

நான் கத்தவில்லை. கத்த வேண்டும் என்பதே தோன்றவில்லை. சாவியை ஜன்னல் திட்டின் மீது பத்திரமாக வைத்துவிட்டு உள்ளே போய், “அம்மா, அப்பாவால வெளிய வர முடியல” என்றேன்.

அம்மா பாதிக் கொசுவத்தோடு ஓடிவந்தாள். பார்த்தாள். அவளும் கத்தவில்லை. காரை இரண்டு கையாலும் பிடித்துப் பின்னால் தள்ளப் பார்த்தாள். அது நகரவே இல்லை. சத்தம் கேட்டுத் தென்காசிப் பையன் லுங்கியோடு ஓடிவந்தான். அவனும் அம்மாவோடு சேர்ந்து தள்ளினான். அப்புறம் சட்டென்று நிறுத்திவிட்டுக் கார்க் கதவுக்குள் குனிந்து பார்த்தான்.

“அக்கா, வண்டி கியர்ல கெடக்கு” என்றான். மெதுவாகத்தான் சொன்னான்.

அம்மா அவனைப் பார்க்கவில்லை. என்னையும் பார்க்கவில்லை. அந்தக் கியர்க் கம்பியைப் பார்த்தாள். அவன் அதைத் தட்டி விட்டதும் கார் வாசல் சரிவில் தானாகவே பின்னால் நகர்ந்தது. அப்பா அம்மாவின் தோளில் சாய்ந்தார். அப்போதுதான் அவரிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. அது அப்பாவின் குரல்தான் என்று எனக்குத் தெரிந்திருந்தும் நான் தெருப்பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டான் பையன். “வாரதுக்கு முக்கால் மணி நேரம் ஆகுமாம்க்கா” என்றான். அம்மா கொசுவத்தைச் செருகிக்கொண்டாள். “வண்டியத் தெருவுல எறக்கு” என்றாள்.

அப்பாவைப் பின்சீட்டில் படுக்கவைத்து, பையன் அவர் காலை மடியில் தாங்கி உட்கார்ந்தான். நான் ஜன்னல் திட்டிலிருந்து சாவியை எடுத்துக் கொடுத்துவிட்டு முன்னால் அம்மாவுக்குப் பக்கத்தில் ஏறினேன். காரைத் தள்ளியது எங்கள் தெருப் பெண்கள்தான். ஐந்தாறு பேர், பொங்கல் புடவையோடு, கோலங்களின் மேலேயே ஓடித் தள்ளினார்கள். கார் உதறிக் கிளம்பியது.

இனி இந்த என்ஜின் நிற்கக் கூடாது. நின்றால் தள்ள ஆள் கிடையாது. அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் எனக்கே தெரிந்திருந்தது. சிங்கப்பெருமாள் கோயில் ரோட்டில் ஏறியதும் முன்னால் ஒரு நீளமான டிரெய்லர் போய்க்கொண்டிருந்தது. அதன் மேல் இரண்டு அடுக்கில் புத்தம்புதுக் கார்கள், பிளாஸ்டிக் கூட உரிக்காமல். அம்மா அதன் பின்னாலேயே போக வேண்டியிருந்தது. அவள் அதுவரை அவ்வளவு லாரிகளுக்கு நடுவில் ஓட்டியதில்லை. டிரெய்லர் நிற்கும்போதெல்லாம் அம்மா ஆக்ஸிலரேட்டரை மிதித்து உறுமவிட்டுக்கொண்டே நிற்பாள்.

“அண்ணாச்சி, கண்ண மூடாதிய. எங்கிட்டப் பேசிக்கிட்டே வாங்க” என்று பின்னால் பையன் சொல்லிக்கொண்டே வந்தான்.

ஸ்ரீபெரும்புதூருக்குள் நுழையும் இடத்தில் ஒரு போலீஸ்காரர் கம்பெனி பஸ்களை விடுவதற்காக எங்கள் பக்கம் கை காட்டி நிறுத்தினார். அம்மா நிற்கவில்லை. ஹாரனில் வைத்த கையை எடுக்காமல், மெதுவாக, அவர் பக்கத்திலேயே காரைக் கொண்டுபோய்க் கடந்தாள். அவர் ஜன்னல் வழியாகப் பின்சீட்டைப் பார்த்துவிட்டு விலகி நின்று, பஸ்ஸை நிறுத்தினார்.

ஆஸ்பத்திரி வாசலில் ஸ்ட்ரெச்சர் வந்தது. அப்பாவை இறக்கிக்கொண்டு போனார்கள், பையனும் கூடவே ஓடினான். அம்மா இறங்கவில்லை. என்ஜினை நிறுத்தினாள். சாவியை எடுத்தாள். எடுத்த பிறகும் கியர்க் கம்பியைப் பிடித்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டினாள். விட்டாள். மறுபடியும் பிடித்து ஆட்டினாள். “வண்டிய எடும்மா” என்று யாரோ சொன்னார்கள். அவள் இன்னும் ஆட்டிக்கொண்டிருந்தாள். அப்பாவை உள்ளே கொண்டுபோய்விட்டார்கள், இவள் ஏன் இங்கே உட்கார்ந்து விளையாடுகிறாள் என்று எனக்குக் கோபமாக வந்தது.

தொடை எலும்பு இரண்டாக உடைந்திருந்தது. உள்ளே தகடு வைத்தார்கள். பார்க்க வந்த உறவுக்காரர்கள் எல்லோருக்கும் அப்பா ஒரே கதையைச் சொன்னார்.

“நானே வெளியருந்து ஸ்க்ரூ டிரைவர் வெச்சு ஸ்டார்ட் பண்ணேன். கியர்ல கீதான்னு பாக்கல. முந்தின நாள் நான்தான் வண்டிய வுட்டேன், என் மேலதான் தப்பு.”

சாவியைத் திருப்பிய நான் அந்தக் கட்டிலுக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன். ஊசி போட்டதில் அப்பாவுக்கு எல்லாம் மறந்துவிட்டது என்று நினைத்தேன். முந்தின நாள் சாயங்காலம் கடைத்தெருவுக்குப் போய், என்ஜினை நிறுத்தாமலே சித்தி வீட்டுக்குக் கரும்பு வாங்கி வந்து காரை வாசலில் விட்டவள் அம்மா. அதுவும் அவருக்கு மறந்துவிட்டது போல.

நான் கார் ஓட்டப் பழகியது இருபத்திரண்டு வயதில். கிளட்சை மிதிக்காமல் சாவியைத் தொடாதே, அதற்கு முன்னால் கியர்க் கம்பியை ஆட்டிப் பார் என்று சொல்லிக்கொடுத்தவர் ஆட்டிக் காட்டினார். அன்றைக்குப் பாடம் முடியவில்லை, பாதியில் இறங்கி வந்துவிட்டேன். ஹேண்ட் பிரேக் சரியாகப் பிடிக்காது, அதனால் சரிவில் கியரில் போட்டு நிறுத்து என்று அம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்தவர் அப்பாதான். சாவியைத் திருப்பும்போது அம்மா எப்போதும் கிளட்சை மிதிப்பாள். கிளட்சை மிதித்தால் என்ஜின் சக்கரத்தைச் சுற்றாது, அதனால் கியரில் கிடந்தாலும் கார் நகர்ந்ததே இல்லை, அப்பாவும் அதைப் பற்றி யோசித்ததே இல்லை. இதெல்லாம் எனக்குப் புரிய அத்தனை வருடம் ஆனது.

பத்து வயதில் எனக்குத் தெரிந்ததெல்லாம் இவ்வளவுதான்: அப்பா கொஞ்சம் சாய்ந்து நடக்கிறார், கிடங்கில் அவரை ஃபோர்க்லிஃப்டிலிருந்து இறக்கிக் கேட்டில் காவலுக்கு உட்காரவைத்துவிட்டார்கள். காருக்குப் புது ஸ்டார்ட்டர் வந்துவிட்டது, தொட்டாலே கிளம்புகிறது. அம்மா மட்டும் அதில் ஓட்டுநர் பக்கம் உட்காரவே இல்லை. கேட்டவர்களிடம் கண் சரியாகத் தெரியவில்லை என்றாள். என்னிடம் அதிகம் பேசவும் இல்லை. என் மேல் கோபம் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

ஆடி மாதம் ஒரு மத்தியானம், அம்மா பின்பக்கக் குழாயடியில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் போய் நின்றேன். பல நாள் மனப்பாடம் செய்து வைத்திருந்ததைச் சொன்னேன்.

“அப்பா எல்லார்ட்டயும் பொய் சொல்லிகினு கீறாரு. நான்தான்மா சாவியத் திருப்பினேன். மன்னிச்சுக்கோம்மா.”

அம்மாவின் கை சோப்பு நுரைக்குள் அப்படியே நின்றது. நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் சொன்னது அவளுக்குப் புரியாத பாஷையில் இருந்தது போலப் பார்த்தாள். கழுவிக் கவிழ்த்து வைத்திருந்த குண்டானை மறுபடியும் எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தாள். குழாய்த் தண்ணீர் முகத்தில் தெறித்துவிட்டது போல முழங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஒரு டம்ளர் உடைந்தால்கூட முதுகில் ஒன்று வைப்பவள் அவள். அன்றைக்கு என்னை அடிக்கவில்லை. இது அடித்துத் தீருகிற கோபம் இல்லை என்று முடிவு செய்து, சத்தம் போடாமல் உள்ளே போய்விட்டேன்.