இரண்டாவது நொடி

ஓட்டப்பந்தயங்களைத் துப்பாக்கி சுட்டுத் தொடங்கிவைப்பது அவருக்கு இருபது வருட வேலை. வீட்டில் கொசுவைக்கூட அடிக்கமாட்டார். ‘செட்’ என்றதற்கும் வெடிச் சத்தத்துக்கும் நடுவேயுள்ள இடைவெளி, ஓடுபவர்கள் ஊகிக்க முடியாதபடி, ஒவ்வொரு முறையும் மாறவேண்டும் என்பது அவருக்கு வேதம். மகளோ பொழுது விடிந்தால் போனில் ஓட்டப்பந்தய கேம். அதில் எப்போதும் சரியாக இரண்டாவது நொடியில் வெடிக்கும்.

“அது உன் ஓட்டத்தையே கெடுத்துடும்டி.”

“விரலாலதானேப்பா ஆடுறேன், காலாலயா?”

இன்று அணித் தேர்வு. வரவேண்டியவர் வராததால் துப்பாக்கி இவர் கைக்கு வந்தது. நான்காவது தடத்தில் மகள். வெடிக்குமுன் புறப்பட்டால் அணியில் இடம் போச்சு.

“செட்!”

எட்டுப் பேரும் இடுப்பை உயர்த்தி அசையாமல் நின்றார்கள். இரண்டாவது நொடியில் சுட்டால் மகள் அம்பாய்ப் பறப்பாள் என்று அவருக்குத் தெரியும். விசைமேல் விரல் வியர்த்தது. ஒன்று. இரண்டு. அவர் சுடவில்லை. நான்காவது தடம் மட்டும் பாய்ந்தது.

அவர் மகளிடம் சிவப்பு அட்டையை நீட்டினார்.

“கேம்ல இருக்கறவன் உன்னைவிட நல்லவன்பா,” என்றாள் மகள். “அவன் ஒருநாளும் என்னை ஏமாத்தினதில்ல.”

அவர் மறுபடி துப்பாக்கியை உயர்த்தினார். மற்ற ஏழு பேரும் காத்திருந்தார்கள்.