எனக்கு மட்டும் பேப்பர் கப்பு

என் அப்பாவுக்கு ஒரே ஓர் ஆசை. நான் வேலை பார்க்கும் ஆபீசுக்கு ஒரு நாள் வந்து, நான் நாற்காலியில் உட்கார்ந்திருப்பதைப் பார்க்க வேண்டும். வேறொன்றும் அவர் என்னிடம் கேட்டதில்லை. வேலை கிடைத்த நாளிலிருந்து இதைக் கேட்டுக்கொண்டே இருந்தார். நானும் ஏதாவது சாக்குச் சொல்லித் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். ஆடிட் நடக்கிறது என்பேன், எலெக்‌ஷன் வேலை என்பேன், கட்டடத்துக்கு வெள்ளையடிக்கிறார்கள் என்பேன்.

"உங்க ஆபீசுக்கு வருசம் பூரா வெள்ளையடிக்கறாங்களா கண்ணு?" என்று ஒருமுறை போனில் கேட்டார். சிரித்தேன். போனை வைத்துவிட்டு அழுதேன்.

காரணம் ஒரு பேப்பர் கப்பு. இதைச் சொன்னால் இதற்குப் போயா என்பார்கள். சொல்லிப் பார்த்து, அப்படிக் கேட்டவர்களைப் பார்த்தும் ஆயிற்று.

மேட்டுப்பாளையம் பக்கத்தில் ஒரு பாக்குத் தோப்பில் அப்பா ஆயுசு முழுக்க வேலை பார்த்தவர். தோப்புக்காரர் வீட்டில் காப்பித்தண்ணி கொடுப்பார்கள். அப்பாவுக்கென்று ஓர் அலுமினிய டம்ளர் மாட்டுக் கொட்டகைக் கூரையில் செருகியிருக்கும். அதை எடுத்து வந்து நீட்டுவார். அவர்கள் எட்ட நின்று ஊற்றுவார்கள். குடித்து முடித்ததும் தானே கழுவி, வெயிலில் கவிழ்த்து வைத்து, காய்ந்ததும் மறுபடி கூரையில் செருகிவிடுவார். "சர்க்கார் ஆபீசுல இதெல்லாம் இருக்காது கண்ணு, அங்க எல்லாத்துக்கும் ஒரே டம்ளரு" என்று சொல்லிச் சொல்லித்தான் என்னைப் படிக்க வைத்தார். யார் அவரிடம் அப்படிச் சொன்னார்களோ, எனக்குத் தெரியாது.

கோயம்புத்தூரில் ஒரு துறையின் சின்ன அலுவலகம் எங்களுடையது. எனக்குத் தபால் பிரிவு. வருகிற கடிதம், மனு எல்லாவற்றையும் பிரித்து, பதிவு செய்து, மனுக்களுக்குப் பதில் எழுதிக் கையெழுத்துக்கு வைப்பது என் வேலை. பரீட்சை எழுதி, ரேங்க் வாங்கி வந்த வேலை, யாரும் தானமாகக் கொடுக்கவில்லை. இதை நான் கொஞ்சம் சத்தமாகவே சொல்வேன். நான் சொல்லாவிட்டால் வேறு மாதிரி சொல்வதற்கு ஆபீசில் ஆள் இருக்கிறது.

சேர்ந்த அன்று கண்காணிப்பாளர் என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். மேலதிகாரி எப்போதும் மீட்டிங்கில் இருப்பதால் எங்கள் ஆபீசுக்கு அவர்தான் எல்லாம்.

"ஏனுங்க அம்மணி, எந்த ஊருங்க?"

"மேட்டுப்பாளையம் பக்கமுங்க சார்."

"அட, நம்ம சொந்தக்காரங்க எல்லாம் அங்கதானுங்க. அங்க எந்த ஊரு?"

சொன்னேன்.

"ஊருக்குள்ளயேங்களா, இல்ல..."

அந்த 'இல்ல'வை அவர் முடிக்கவில்லை. அப்படிப் பாதியில் விட்டால் எதிரில் இருப்பவரே முடித்து வைத்துவிடுவார் என்று எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். "காலனிங்க சார்" என்றேன்.

"நல்லதுங்க, நல்லதுங்க" என்றார். முகத்தில் ஒரு சுருக்கம் விழவில்லை. அவரைப் பற்றி நல்லவிதமாக நினைத்துக்கொண்டுதான் என் சீட்டுக்குப் போனேன்.

பதினொரு மணிக்கு எதிர் பேக்கரியிலிருந்து பிளாஸ்க்கில் டீ வந்தது. அலுவலக உதவியாளராக ஓர் அக்கா இருந்தார், ஓய்வு பெறுகிற வயது. அவர் எவர்சில்வர் டம்ளர்களில் ஊற்றி, தட்டில் வைத்து ஒவ்வொரு மேஜையாகக் கொடுத்துக்கொண்டே வந்தார். என் மேஜைக்கு வந்தபோது தட்டில் ஒரு பேப்பர் கப்பு இருந்தது. டம்ளர் பற்றவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். அடுத்த நாளும் அதையே நினைத்தேன். அந்த வாரம் பூராவும் நினைத்தேன். நினைப்பதற்கு என்ன, காசா பணமா?

கடைசியில் அந்த அக்காவிடமே கேட்டேன். "ஏனுங்கக்கா, எனக்கு மட்டும் ஏன் கப்புல குடுக்கறீங்க?"

அவர் பாவம், நிஜமாகவே யோசித்தார். "முன்னால அந்த சீட்ல இருந்தவருக்கும் அப்பிடித்தானுங்க குடுத்துட்டு இருந்தேன். யாரும் மாத்தச் சொல்லலீங்களே."

முன்னால் இருந்தவர் எந்த ஊர், ஊருக்குள்ளா வெளியிலா என்று நான் கேட்கவில்லை. கேட்க வேண்டிய தேவை இருக்கவில்லை.

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். வீட்டில் எல்லோருக்கும் தெரியும், ஆபீசில் அப்போது தெரியாது. மறுநாள் நானே எழுந்து போய், அலமாரியிலிருந்து ஓர் எவர்சில்வர் டம்ளரை எடுத்து, டீயை ஊற்றிக் குடித்துவிட்டுக் கழுவி வைத்தேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த நாள் காலையில் அந்த டம்ளர் என் மேஜை மேல் இருந்தது, பாதி தண்ணீரோடு. உறை ஒட்டுவதற்கு விரல் நனைக்க ஏதாவது வேண்டும் அல்லவா, அதற்காம். "உங்க டேபிளுக்கே இருக்கட்டும்னு சார் சொன்னாருங்க" என்றார் அக்கா. வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுவது போல என்பார்களே, அது இதுதான்.

நேரே கண்காணிப்பாளரிடம் போனேன். அவர் எழுந்து நிற்காத குறையாக வரவேற்றார். "சுகாதாரமுங்க அம்மணி. கொரோனாவுக்கு அப்பறம் பேப்பர் கப்புதானுங்க எல்லாத்துக்கும் நல்லது."

"அப்ப உங்களுக்கும் அதுலயே குடுக்கச் சொல்லிரட்டுங்களா சார்?"

"எனக்குக் கப்புல குடிச்சா டீ குடிச்ச மாதிரியே இருக்காதுங்க" என்று சிரித்தார்.

எங்கள் சீமையில் சண்டை போடுவதே ஒரு கஷ்டம். திட்டினால் திருப்பித் திட்டலாம். வார்த்தைக்கு வார்த்தை 'ங்க' போட்டு, அம்மணி என்று கூப்பிட்டு, நாற்காலி இழுத்துப் போட்டு உட்கார வைத்து இதைச் செய்கிற மனிதரை என்ன சொல்லித் திட்டுவது? குரலை உயர்த்தினால் மரியாதை தெரியாத ஜென்மம் என்ற பெயர் எனக்குத்தான் வரும்.

ஊழியர் சங்கத்தில் ஒருவரிடம் சொல்லிப் பார்த்தேன். "பேப்பர் கப்புக்கெல்லாம் கேசு நிக்காதுங்க. அவரு ஒரு வார்த்தை தப்பாப் பேசட்டும், பாத்துக்கலாம்" என்றார். அவர் பேச மாட்டார். இன்னும் இருபது வருடம் ஆனாலும் ஒரு வார்த்தை தப்பாகப் பேச மாட்டார்.

ஆகவே மனு எழுதினேன். அடுத்தவர் மனுக்களைப் படித்துப் படித்து எனக்கு எப்படி எழுத வேண்டும் என்று தெரியும். நடந்ததை மட்டும் எழுதினேன். எனக்கும் மற்றவர்களைப் போல டம்ளரில் டீ கொடுக்க ஆவன செய்யுமாறு வேண்டுகிறேன் என்று முடித்தேன். எழுதிவிட்டு வாசித்தபோது வெட்கமாக இருந்தது. ஒரு டிகிரி, ஒரு ரேங்க், ஒரு சர்க்கார் உத்தியோகம், கடைசியில் கேட்பது டம்ளர். இருந்தாலும் ஆன்லைனில் சென்னைக்கே அனுப்பினேன். அன்று அப்பாவிடம், "தீபாவளி முடியட்டுங்கப்பா, கண்டிப்பா வாங்க" என்று சொல்லிவிட்டேன். முதல் முறையாக ஒரு தேதி மாதிரி ஒன்றைச் சொன்னேன். "வெள்ளையடிச்சு முடிஞ்சுதா?" என்றார்.

மனு என்று ஒன்று போட்டால் அது என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியாததல்ல. எந்த ஆபீசைப் பற்றிய மனுவோ அந்த ஆபீசுக்கே போகும். சென்னையில் ஒரு மேஜை அதன் மேல் ஒரு கடிதத்தை வைத்து மாவட்டத்துக்குத் தள்ளும். மாவட்டத்தில் ஒரு மேஜை இன்னொரு கடிதத்தை வைத்துக் கீழே தள்ளும். உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. தினம் பார்க்கிற வேலை இது. ஆனாலும் என் மனு மட்டும் வேறு மாதிரி போகும் என்று நம்பினேன் பாருங்கள், அதற்கு என்னைத்தான் சொல்ல வேண்டும்.

தீபாவளி முடிந்த வாரம் தபாலைப் பிரித்துக்கொண்டிருந்தேன். நாலாவதோ ஐந்தாவதோ உறையில் என் மனு இருந்தது. தக்க நடவடிக்கை எடுத்து, மனுதாரருக்குப் பதில் அளித்து, அறிக்கை அனுப்பவும். என் பெயர், என் பதவி, என் ஆபீஸ், எல்லாம் அதில் இருந்தது. என்ன செய்ய? பதிவு செய்தேன். எண் போட்டேன். பொருள் என்ற இடத்தில், அலுவலகத்தில் சாதிப் பாகுபாடு தொடர்பாக என்று தட்டச்சு செய்து கண்காணிப்பாளர் மேஜைக்குக் கொண்டுபோய் வைத்தேன்.

அவர் நிதானமாகப் படித்தார். இரண்டு முறை படித்தார். "விசாரிச்சரலாமுங்க" என்றார்.

விசாரணை அன்றைக்கே, டீ நேரத்தில், எல்லோரையும் ஹாலில் வைத்து நடந்தது. "அம்மணியை யாராச்சும் மரியாதைக் குறைவா நடத்தினீங்களா? மறைக்காமச் சொல்லுங்க" என்றார். இல்லீங்க, இல்லீங்க என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். டீ கொடுக்கிற அக்கா என்னைப் பார்த்தார். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தது போல இருந்தது. பிறகு அவரும் இல்லீங்க என்றார். ஓய்வு பெற இன்னும் கொஞ்ச காலம்தான், அவரை நான் குறை சொல்ல மாட்டேன்.

பிறகு கண்காணிப்பாளர் என் பக்கம் திரும்பினார். "நான் உங்கள ஒரு நாளாச்சும் வா போன்னு பேசியிருக்கறேனுங்களா அம்மணி?"

"இல்லீங்க சார்."

"வேற யாராச்சும்?"

"இல்லீங்க."

உண்மையைத்தான் சொன்னேன். அதையே எனக்கு எதிராக வைத்துக்கொண்டார்கள். மனுதாரரே ஒப்புக்கொண்டார் என்று ஆகிவிட்டது.

"அப்ப பதில் வெச்சருங்க" என்றார்.

"நானுங்களா சார்?"

"சீட்டு உங்களதுதானுங்களே. வேற சீட்டுக்குக் குடுத்தா நாளைக்கு உங்க வேலையப் புடுங்கிட்டாங்கன்னு அதுக்கு ஒரு மனு வந்துரும் பாருங்க." யாரோ சிரித்தார்கள்.

எழுத மாட்டேன் என்று ஒரு வாரம் வைத்திருந்தேன். மாவட்டத்திலிருந்து நினைவூட்டு வந்தது. இரண்டாவது நினைவூட்டும் வந்தது. மனு நிலுவை என்று என் பெயரில் மெமோ வரும் என்று கண்காணிப்பாளர் அக்கறையோடு சொன்னார். என் தகுதிகாண் பருவம் அப்போது முடியவில்லை. மெமோ வந்தால் வேலைக்கே உலை. தலையில் அடித்துக்கொண்டு உட்கார்ந்து எழுதினேன். 'தங்கள் மனு தொடர்பாக விசாரணை மேற்கொள்ளப்பட்டதில், மனுவில் கண்ட புகாருக்கு முகாந்திரம் ஏதும் இல்லை எனத் தெரிவிக்கப்படுகிறது.' யோசிக்க வேண்டியதே இல்லை, கை தானாக எழுதும் வரி அது. அவர் கையெழுத்துப் போட்டார். நானே உறையில் போட்டு, அந்த டம்ளர் தண்ணீரில் விரலை நனைத்து ஒட்டி, என் வீட்டு முகவரியை எழுதினேன்.

அப்பாவுக்கு ஒன்றும் சொல்லவில்லை. வர வேண்டாம் என்று சொல்லவும் இந்த முறை சாக்குக் கிடைக்கவில்லை. அவர் சொல்லாமலே வந்துவிட்டார். பெரியாஸ்பத்திரியில் நெஞ்சு வலிக்குக் காட்டிவிட்டு, விசாரித்து விசாரித்து, சலவை வேட்டியோடு ஆபீஸ் வாசலில் நின்றுகொண்டிருந்தார். செருப்பை வெளியே கழற்றியிருந்தார். "போட்டுட்டே வரலாமுங்கப்பா" என்றேன். "இருக்கட்டும் கண்ணு" என்று வெறுங்காலோடு வந்து, என் மேஜையை, கம்ப்யூட்டரை, நாற்காலியைப் பார்த்தார். "உக்காரு, உக்காந்து காட்டு" என்றார். உட்கார்ந்தேன். அந்த முகத்தை நான் மறக்க மாட்டேன்.

கண்காணிப்பாளர் தன் இடத்திலிருந்து எழுந்தே வந்துவிட்டார். "அம்மணியோட அப்பாவுங்களா? வாங்கய்யா, உக்காருங்க. டீ சாப்புட்டுத்தான் போகோணும்." அப்பா கும்பிட்டார். இப்படி ஒருவர் தன்னை ஐயா என்று கூப்பிட்டு அவர் கேட்டதில்லை. என்னைப் பார்த்து, பாத்தியா என்பது போலத் தலையை ஆட்டினார். எழுந்து அவரைக் கூட்டிக்கொண்டு ஓடிவிடலாமா என்று இருந்தது எனக்கு. அதற்குள் தட்டு வந்துவிட்டது.

எல்லா மேஜைக்கும் டம்ளர். எங்களுக்கு இரண்டு பேப்பர் கப்பு.

அப்பா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். தட்டைப் பார்த்தார், மற்றவர்கள் கையைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார். அவருக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. மடக் மடக்கென்று சூட்டோடு குடித்தார். எழுந்து வெளியே குழாயடிக்குப் போனார். பேப்பர் கப்பை உள்ளும் புறமும் தேய்த்துக் கழுவி, சுவர் மேல் வெயிலில் கவிழ்த்து வைத்தார்.

"ஐயோ, அது தூக்கிப் போடறதுங்கய்யா" என்றார் டீ கொடுத்த அக்கா, மெதுவாக.

அரை நாள் லீவு சொல்லிவிட்டு அவரைப் பஸ் ஏற்றப் போனேன். மேட்டுப்பாளையம் பஸ் நிற்கிற இடத்துக்கு வந்த பிறகுதான் அப்பா கேட்டார்.

"மனு கினு போட்டுப் பாத்தியா கண்ணு?"

"போட்டேனுங்கப்பா."

"யாரு வந்து விசாரிச்சாங்க?"

"அந்த சார்தானுங்கப்பா."

வேட்டி மடிப்பிலிருந்து பஸ்ஸுக்குச் சில்லறை எடுத்து எண்ணினார்.

"ஒண்ணும் நடக்கலீன்னு பதில் எழுதுனாங்களாக்கும்? யாரு எழுதுனது?"

"நான்தானுங்கப்பா."

பஸ் வந்ததும் அப்பா ஏறிக்கொண்டார். திரும்ப ஒரு நாளும் ஆபீசைப் பார்க்க வருகிறேன் என்று சொன்னதில்லை.