பாரணைக்குப் பிந்திய ஓட்டம்

என் மனைவி ஏதென்ஸ் நகரில் மரதன் ஓடியதையும், அதன்பின் கிரேக்கத் தீவுகளைச் சுற்றிய கப்பலில் அவளுக்கு நேர்ந்ததையும் பற்றி ஜேர்மனியில் வாழும் எம்மவரிடையே இப்போது பல கதைகள் உலவுகின்றன. அவற்றுள் ஒன்றை நானே நேரிற் கேட்டேன். வுப்பர்டாலில் ஒரு திருமணப் பந்தியில் என் அருகே அமர்ந்திருந்தவர், நான் யாரென்று அறியாமல், அதனை எனக்கே சொன்னார்.

“தெரியுமோ அண்ணை, ஹம்மில ஒரு பொம்பிளை கந்தசட்டி விரதம் பிடிச்சுக்கொண்டு மரதன் ஓடி, கப்பலிலேயே செத்துப்போனாவாம்.”

“ஆர் சொன்னது?”

“பாத்த ஆக்களே சொல்லினம். கடலுக்குள்ளதான் போட்டவையாம்.”

“அங்கை பச்சைச் சீலையோடை நிண்டு கதைக்கிறாவே, அவதான் அந்தப் பொம்பிளை. என்ரை மனிசி.”

அவர் திரும்பிச் சற்று நேரம் பார்த்தார். பிறகு, “அப்ப இது வேற ஆரோ” என்று சொல்லிவிட்டுப் பாயாசத்தை எடுத்துக்கொண்டார்.

வேறொரு கதையில் முருகனே அவளைக் கைப்பிடித்து முடிவுக்கோடு வரை கொண்டுசேர்த்தான். இன்னொன்றில் நான் அவளைப் பட்டினி போட்டு ஓடவிட்டேன். ஊகத்துக்கு இடம் கொடுத்தபோதெல்லாம் அது யாரோ ஒருவர்மீது பழியாகவே முடிந்ததைக் கண்டபின், ஒன்று தீர்மானித்தேன். கண்ணாற் கண்டதையும், அவள் வாயாற் கேட்டதையும், வைத்தியர்கள் என் முன்னிலையிற் சொன்னதையும் மட்டுமே இங்கே எழுதுகிறேன். தெரியாத இடத்தில் தெரியாது என்றே எழுதுவேன்.

மனைவி ஹம் நகரில் ஒரு முதியோர் இல்லத்திற் பராமரிப்புப் பணி செய்பவள். ஐம்பதைக் கடந்த பின்னரே ஓடத் தொடங்கினாள். உடன் வேலை செய்யும் ஜேர்மன் பெண்மணி ஒருத்தி வேலை முடிந்ததும் கால்வாய்க் கரையில் ஓடுவாள். ஒருநாள் அவளோடு போன என் மனைவி, பிறகு அவள் வராத நாட்களிலும் போனாள். முழங்காலை மூடிய மேற்சட்டையோடு மழையில் அவள் ஓடுவதைக் கண்ட நம்மவர்கள் காரை மெதுவாக்கிக் கண்ணாடியை இறக்கி, “என்னக்கா, பஸ்ஸை விட்டிட்டியளோ?” என்று கேட்பார்கள். “ஓம், அடுத்த பஸ்ஸையும் விடத்தான் ஓடுறன்” என்பாள்.

ஏதென்ஸ் அந்தப் பெண்மணியின் யோசனை. மரதன் என்ற ஊரிலே தொடங்கிப் பழைய சலவைக்கல் அரங்கில் முடியும் ஓட்டத்துக்கு இருவர் பெயரையும் அவளே பதிந்தாள். எங்கள் மகள் ஹனோவரில் வேலை செய்கிறாள்; ஓட்டம் முடிந்த மறுநாள் புறப்படும் தீவுப் பயணக் கப்பலில் எங்கள் இருவருக்கும் இடம் எடுத்துத் தந்தாள். “அம்மா ஓடுவா, நீங்கள் கப்பல்லை இருந்து சாப்பிடுங்கோ அப்பா. ஆளுக்கேத்த வேலை” என்றாள்.

புறப்படுவதற்குச் சில வாரங்கள் இருக்கையில் அந்தப் பெண்மணி கணுக்கால் முறிந்து படுத்துவிட்டாள். ஓட்டம் பற்றி அறிந்த ஒருவரும் இனி எங்களோடு வரப்போவதில்லை. அதே காலத்தில்தான் கோயிலிலிருந்து அவ்வாண்டின் திருவிழா நாட்கள் வந்தன. கந்தசட்டி ஆறு நாளும் ஓட்டத்துக்கு முந்திய வாரத்தில் விழுந்திருந்தன.

மனைவி நாட்காட்டியின் முன் நின்று விரலால் எண்ணினாள். சூரசங்காரம், மறுநாட் காலை விரதம் முடிக்கும் பாரணை, அதற்கு அடுத்த நாள் விமானம், பிறகு ஓட்டம். “வடிவாய்ப் பொருந்துது” என்றாள்.

“இந்த வருசம் விடலாமே?” என்றேன்.

“கலியாணம் கட்டின நாளிலயிருந்து பிடிக்கிறன். ஓட்டம் போன வருசம் வந்தது. பிந்தி வந்ததுக்காக முந்தி வந்ததை விடச் சொல்லுறியளோ?”

“சாப்பிடாமல் எப்பிடி ஓடுவீர்?”

“சாப்பிடாமல் ஆர் ஓடப்போறா? பாரணை முடிச்சிட்டுத்தானே போறன்.”

கால் முறிந்த பெண்மணி தொலைபேசியில் அவளுக்குச் சொன்னதை ஒலிபெருக்கி வழியே நானும் கேட்டேன். கடைசி வாரம் முழுதும் மாவுணவும் சோறும் நிறைய உண்ண வேண்டும் என்றாள். மனைவி ஆம் என்று கேட்டுக்கொண்டாள். விரதம் என்ற சொல்லை உச்சரிக்கவில்லை. நானும் அப்பொழுது அதைப் பெரிதாக எண்ணவில்லை. ஆண்டுதோறும் அவள் விரதமிருந்தபடியே வேலைக்குப் போய், முதியோரைத் தூக்கி இருத்தி, இரவிலே பாலும் பழமும் கொண்டு சமாளித்ததைப் பார்த்துப் பழகியவன் நான்.

முதல் நான்கு நாட்களும் இரவில் அவள் பாலும் வாழைப்பழமும் எடுத்ததைக் கண்டேன். கடைசி இரண்டு நாட்களும் பின்னேர வேலை முடித்து நேரே கோயிலுக்குப் போனாள்; அங்கே என்ன எடுத்தாள் என்பதை நான் காணவில்லை. பாரணையன்று விடியமுன் எழுந்து பல கறிகளோடு சமைத்தாள். எனக்கு எதிரே இருந்துதான் உண்டாள். அரைவாசிச் சோற்றை ஒதுக்கிவிட்டு, “வயிறு சுருங்கிப்போச்சு” என்றாள்.

ஓட்டத்தில் நான் கண்டது மிகச் சிறிது. அரங்கின் கற்படியில் இருந்தபடி கைத்தொலைபேசித் திரையில் அவளைக் குறிக்கும் புள்ளியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாதையின் நடுப்பகுதி நெடுகவும் ஏற்றம். அங்கே அந்தப் புள்ளி சில வேளைகளில் நின்றேவிட்டது, மீண்டும் நகர்ந்தது. பெரும்பாலோர் வந்து முடிந்த பின்னர் அவள் அரங்கினுள் நுழைந்தாள். முகமெங்கும் உப்புப் படிந்திருந்தது. கழுத்தில் பதக்கம் மாட்டியவரைப் பார்த்துத் தமிழில் “நன்றி” என்றாள். என்னிடம் வந்து, “முடிஞ்சுது” என்றாள். தண்ணீர் கேட்டாள், கைப்பையிலிருந்து மாத்திரை எடுத்து விழுங்கினாள். நோவுக்குரிய மாத்திரை என்றாள். முன்னர் எத்தனை எடுத்திருந்தாள் என்பது அப்பொழுது எனக்குத் தெரியாது.

மறுநாட் கப்பல் ஏறினோம். பயணிகளிற் பலர் ஓய்வுபெற்ற ஜேர்மானியர். படிகளில் அவள் கைப்பிடியைப் பற்றிப் பக்கவாட்டில் இறங்குவதைக் கண்டு, மரதன் ஓடியவள் என்று அறிந்து, மேற்தளத்தில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். அவளும் சிரித்துத் தலையசைத்தாள். முதலாம் தீவில் இறங்கிச் சிறிது நடந்தோம். இரண்டாம் தீவு வந்தபோது அறையைவிட்டு வர மறுத்தாள். வெளியே வெள்ளை வீடுகளும் மிக நீலமான கடலும் தெரிந்தன. மகள் தொலைபேசியில் படம் அனுப்பச் சொல்லிக் கேட்டுக்கொண்டேயிருந்தாள். அன்று மாலை மனைவியின் விரல்கள் வீங்கி மோதிரம் இறுகியிருந்ததைக் கண்டேன்.

“உமக்கு என்ன செய்யுது?”

“ஓடின ஆக்களுக்கு இப்பிடித்தான்.”

“ஓடின ஆக்களுக்கு விரலும் வீங்குமோ?”

சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தாள். பின்பு, “இஞ்சேருங்கோ. ஒண்டுக்குப் போனாக் கறுப்பாய்ப் போகுது. கோப்பி மாதிரி” என்றாள்.

“எப்பயிலிருந்து?”

“நேற்றையிலிருந்து. இண்டைக்கு அதுவும் கணக்கப் போகேல்லை.”

அது என்னவென்று எனக்கு விளங்கவில்லை. அவளுக்கு விளங்கியிருந்தது. அவளுடைய இல்லத்தில் சிறுநீரகம் செயலிழந்த முதியோர் சிலர் உண்டு. இரத்தம் சுத்திகரிக்கும் இடத்துக்கு அவர்களை ஏற்றிச் செல்ல ஒரு வாகனம் வரும். திரும்பி வரும்போது அவர்கள் எப்படி இருப்பார்கள் என்பதை அவள் எனக்குப் பலமுறை சொல்லியிருக்கிறாள். வைத்தியரிடம் போவோம் என்று நான் எழுந்தபோது என் கையைப் பிடித்தாள். “அந்த வாகனத்திலை மட்டும் நான் ஏறமாட்டன்” என்றாள்.

கப்பலின் வைத்தியர் கிரேக்கப் பெண். ஆங்கிலத்திலேயே பேசினார். ஜேர்மனியில் எல்லா அலுவலையும் தன் வாயாலே பேசி முடிக்கும் மனைவிக்கு ஆங்கிலம் வராது. எனவே நான் இடையில் நிற்க வேண்டியதாயிற்று. நீதிமன்றங்களிலும் அலுவலகங்களிலும் பிறருக்காக மொழிபெயர்ப்பது என் தொழில். இருவருக்கிடையே பேசப்படும் எதையும் கூட்டாமலும் குறைக்காமலும் மறுபக்கம் சேர்ப்பதே அதன் விதி. வைத்தியர், ஓட்டத்துக்கு முந்திய வாரத்தில் இவர் வழமைபோல உண்டாரா என்று கேட்டார். அதைத் தமிழிற் சொன்னேன்.

“விரதத்தைச் சொல்லாதேங்கோ” என்றாள் மனைவி.

“ஏன்?”

“அவ முருகன்ரை தலையிலைதான் பழியைப் போடுவா. ஓம், சாப்பிட்டவ எண்டு சொல்லுங்கோ.”

என்ன சொல்கிறார் என்று வைத்தியர் கேட்டார். விதிப்படியானால் அவள் சொன்ன எல்லாவற்றையும் அப்படியே சேர்த்திருக்க வேண்டும். கணவனானால் அவள் கேட்டபடி சொல்லியிருக்க வேண்டும். இரண்டையும் செய்யவில்லை. ஆறு நாள் விரதம், இரவிலே பாலும் பழமும் மட்டும் என்று, நான் அறிந்ததைச் சொன்னேன். ஆங்கிலம் தெரியாவிட்டாலும் நான் சொன்னது எது என்பதை அவள் கண்டுகொண்டாள். முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வைத்தியர் வியப்படையவில்லை. “எங்களிடமும் நோன்பு உண்டு. ஆனால் அப்போது எவரும் ஓடுவதில்லை” என்றார். இதனை மொழிபெயர்த்தேன். மனைவி சிரிக்கவில்லை.

கப்பல் அடுத்து நின்ற தீவில் எங்களை இறக்கினார்கள். அங்கிருந்த வைத்தியசாலையில் அவளுக்கு இடைவிடாது சேலைன் ஏற்றினார்கள். தசைகள் சிதைந்து அந்தக் கழிவு சிறுநீரகத்தை அடைத்திருக்கிறது என்று சொன்னார்கள். சிறுநீரின் நிறம் மெல்ல வெளிறியது. ஆயினும் இரத்தத்திற் கலந்த கழிவின் அளவுகள் இறங்கவில்லை. அந்நாட்களில் அவள் என்னோடு தேவைக்கு மேல் பேசவில்லை. வைத்தியர்கள் சொல்வதை நான் தமிழிற் சொல்வேன், அவள் கேட்டுக்கொள்வாள். விமானத்தில் ஏறலாம் என்று அனுமதித்ததும் மகள் வந்து எங்களை ஜேர்மனிக்கு அழைத்துவந்தாள். விமான நிலையத்திலிருந்து நேரே வைத்தியசாலைக்குப் போனோம்.

அங்கே சிறுநீரக வைத்தியர் கட்டிலருகே வந்து, நடந்ததைச் சொல்லும்படி கேட்டார். நான் வாயெடுக்கமுன் மனைவி நிமிர்ந்து தலையணையிற் சாய்ந்துகொண்டாள். முதியோர் இல்லத்தில் ஒரு வேளைப் பணியாளர் அடுத்த வேளைப் பணியாளரிடம் நோயாளரை ஒப்படைக்கும்போது நிலைமையைச் சுருக்கிச் சொல்வார்கள். ஜேர்மன் மொழியில் அதனை யூபர்காபே என்பர். வீட்டிலும் தொலைபேசியில் அவள் அப்படிப் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். அதே குரலில், வேறு யாரையோ பற்றிச் சொல்வதுபோலச் சொன்னாள். ஆறு நாள் விரதம். முதல் நான்கு நாள் பாலும் பழமும். கடைசி இரண்டு நாளும் தண்ணீர் மட்டும். அவ்விரு நாளும் வேலை. ஓட்டத்துக்கு முன்னரும் இடையிலும் பின்னரும், கப்பலிலும், நோவு மாத்திரைகள். மாத்திரையின் பெயரையும் அளவையும் சொன்னாள். இல்லத்திலுள்ள ஒருவருக்கு அத்தனை கொடுக்கத் தான் ஒருபோதும் விடமாட்டேன் என்பதையும் சொன்னாள்.

கடைசி இரண்டு நாள் பற்றியும் மாத்திரைகள் பற்றியும் அப்பொழுதே நான் அறிந்தேன். மொழிபெயர்க்க எனக்கு அங்கே ஒன்றும் இருக்கவில்லை.

வைத்தியர் போன பின், “அங்கை சொல்லவேண்டாம் எண்டீர். இஞ்சை நீரே எல்லாத்தையும் சொல்லிப்போட்டீர்” என்றேன்.

“அங்கை நீங்கள் சொன்னது அரைவாசிதானே. உங்களுக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்.”

“நீர் சொன்னால்தானே எனக்குத் தெரியும்.”

“சொன்னா மறிச்சிருப்பியள்” என்றாள். பிறகு, “அரைவாசியைக் கேட்டு அதுக்கு மருந்து குடுத்தா என்ன நடக்கும் எண்டு எனக்குத் தெரியும். நான் பயந்துபோனன்” என்றாள். அவள் பயம் என்ற சொல்லைத் தன்னைப் பற்றிச் சொல்ல நான் கேட்டது அதுவே முதன்முறை.

அவளை அந்த வாகனத்தில் ஏற்ற வேண்டிய நிலை வரவில்லை. அளவுகள் இறங்கின, ஆனால் வழமையான எல்லைக்கு வராமல் நடுவில் நின்றுவிட்டன. சில கிழமைக்கொருமுறை சோதனைக்கு இரத்தம் கொடுக்கப் போகிறோம். வைத்தியர் நாள் குறித்த ஒவ்வொரு டேர்மினுக்கும் முந்திய நாள் வீட்டில் யாரும் உரத்துப் பேசுவதில்லை. வேலையை அரை நேரமாகக் குறைத்துக்கொண்டாள். முதியோரைத் தூக்கும் பணி இப்போது அவளுக்கு இல்லை. ஓடலாமா என்று அவள் இன்னும் கேட்கவில்லை. கந்தசட்டி பிடிக்கலாமா என்று கேட்டாள். கூடாது என்று வைத்தியர் ஒரே சொல்லிற் சொன்னார். கோயில் ஐயரிடமும் கேட்டாள். “உடம்புக்கு ஏலாதெண்டால் விடுங்கோ அம்மா, முருகன் கோவிக்கமாட்டார்” என்றார் அவர். “அது எனக்குத் தெரியும்” என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பினாள்.

எஞ்சியிருப்பவை நான் அறியாதவை. சிறுநீரகத்தைக் கெடுத்தது விரதமா, ஓட்டமா, மாத்திரையா என்பதை வைத்தியர்களால் பிரித்துச் சொல்ல முடியவில்லை; மூன்றும் சேர்ந்தே என்பது அவர்கள் கருத்து, அதற்கு மேல் அவர்களும் அறியார். இப்போதுள்ள அளவு இப்படியே நிற்குமா, இறங்குமா, ஏறுமா என்பது தெரியாது. வரும் கந்தசட்டிக்கு அவள் என்ன செய்யப்போகிறாள் என்று ஒருமுறை கேட்டேன். அவள் எழுந்து நாட்காட்டியின் முன் போய் நின்றாள். அதுவும் தெரியாது.