வேண்டுதல் வெடி

கரமனையில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் காவலாளியை எனக்குப் பிடிக்கவே இல்லை. நரைத்த மீசை, மடிப்புக் கலையாத காக்கிச் சட்டை. எங்கே உட்கார்ந்தாலும் முதுகு சுவரில் ஒட்டியிருக்க வேண்டும். பக்கத்துக் கோயிலில் பக்தர்களின் வேண்டுதலுக்காகக் காலையில் வெடி போடுவார்கள். அந்த நேரத்தில் வாசலை அப்படியே விட்டுவிட்டு மோட்டார் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்.

குடியிருப்புச் சங்கச் செயலாளர் நான். புது கேட்டைத் திறக்கும் நான்கு எண்களை இரண்டு வாரமாக அவருக்குச் சொல்லிக் கொடுத்தேன். சரியாக ஒப்பிப்பார். வெடி முடிந்து வெளியே வந்தால் ஒன்றுகூட ஞாபகம் இருக்காது. நடிக்கிறார் என்றே நினைத்தேன்.

ஒருநாள் எல்லோர் முன்னிலும் கேட்டேன். "நாலே நாலு நம்பர் ஓய். மண்டைக்குள்ள மூளைதான இருக்கு?"

"இருக்கு சாரே. வெடி செய்யுற ஷெட்டு பொட்டித் தெறிச்சப்ப உள்ள நின்னவனாக்கும் நான். அது இப்பவும் அப்படியே நிக்குது. புதுசு ஒண்ணும் நிக்கமாட்டேங்குது. மூளையே அப்படி மாறிப்போச்சுன்னு டாக்டர் சொல்லியாச்சு." குரலில் மரியாதை இல்லை. "தெனமும் இங்க வெடி போடச் சொல்லுகது ஆருன்னு மட்டும் கேட்டுச் சொல்லும்."

நுழைவுத் தேர்வுக்குப் படிப்பது என் மகளுக்கு மறக்கக் கூடாதென்று, அந்த மாதம் முழுவதும் கோயிலில் பணம் கட்டி வெடிக்குச் சீட்டு எழுதியவன் நான்தான்.

மறுநாளும் வெடித்தது. மோட்டார் அறைக் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. மகளைப் பாடத்தை ஒப்பிக்கச் சொன்னேன்.