நாலாம் மாடியில் பொங்கிய பால்

நீக்கிலாஸ் அண்ணையை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் உடம்பு புல்லரிக்கும். ஊரில் பேசாலைக்காரர், சாதுவான மனிசன். தொண்ணூற்று நாலில், நாட்டை விட்டு வந்து நாங்கள் இருந்த ஸ்காபரோ மாடிக் கட்டடத்துக்கு அவர்தான் சூப்பர், அதாவது மேற்பார்வையாளர். குழாய் ஒழுகினாலும் அவர், வீடு காட்டி ஆள் வைப்பதும் அவர். அந்த வேலையோடுதான் பேஸ்மென்ட் வீடும். வேலை போனால் வீடும் போகும். மனைவி செலீன் அக்காவுக்கோ அது நிறைமாதம்.

நாலாம் மாடியில் ஒரு வீடு காலியானது. ஹாவா என்ற சோமாலியப் பெண் இரண்டு பிள்ளைகளோடு பார்க்க வந்தாள். கட்டட முதலாளி அண்ணையிடம் போனில், கறுப்பு ஆட்கள் வேண்டாம், வேறு ஆள் வந்துவிட்டதென்று சொல்லி அனுப்பு என்றார். தமிழரான எங்களுக்கு மட்டும் ஏன் வீடு தந்தார்? வாய் திறக்காமல் வாடகை கட்டுகிற சனமல்லவா நாங்கள்! நல்லதுதானே என்று எங்கள் ஆட்களிலேயே சிலர் தலையாட்டினார்கள். வெட்கங்கெட்ட சனம்.

நீக்கிலாஸ் அண்ணை ஒருவரோடும் வாதாடவில்லை. வாடகை ஒப்பந்தத்தில் ஹாவாவிடம் கையெழுத்து வாங்கி, முதலாளி சார்பில் தானும் போட்டு, சாவியைக் கொடுத்தார். தமிழ்க் குடும்பம் எது குடிவந்தாலும் செய்வதுபோல, செலீன் அக்கா வயிற்றைத் தாங்கிக்கொண்டு மேலே போய் அந்த அடுப்பில் பால் காய்ச்சினார். பால் பொங்கி வழிந்தது. ஹாவா பதறித் துணி தேட, வழிந்தால்தான் நல்லது என்று, கூடப் போயிருந்த நான் அவள் கையைப் பிடித்தேன்.

அந்த நேரம் பார்த்து முதலாளி வந்து நின்றார். அவளுடைய சாவியை வாங்கு, இல்லாவிட்டால் உன்னுடையதை வை என்று நீக்கிலாஸ் அண்ணையைப் பார்த்துக் கத்தினார்.

நீக்கிலாஸ் அண்ணை இடுப்பிலிருந்த சாவிக்கொத்தைக் கழற்றி அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தார். பிறகு மனைவியிடம் சொன்னார்:

"பால் காய்ச்சின வீட்டிலையிருந்து ஆரையும் எழுப்பேலாது. நாங்கள் வேறை இடம் பாப்பம்."

செலீன் அக்கா அடுப்பை அணைத்தார். என்ன மனிசர் ஐயா இவர்கள்!

மாத முடிவில் அவர்கள் பேஸ்மென்டை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று. வேலையில்லாத மனிசனுக்கு யார் வீடு கொடுப்பது? நாங்கள் எல்லாரும் கையைப் பிசைந்துகொண்டு நிற்க, ஹாவா இறங்கி வந்தாள். யாரையும் கேட்கவில்லை. செலீன் அக்காவின் பெட்டியைத் தூக்கி லிஃப்டில் வைத்து, நாலாம் மாடிக்குப் பொத்தானை அமுக்கினாள்.

ஹாவாவின் பெயரில் ஒப்பந்தம் உள்ள வீடு. முதலாளியால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அவர் பார்த்துக்கொண்டு நிற்கவே, நீக்கிலாஸ் அண்ணை ஆஸ்பத்திரியிலிருந்து பிறந்த பிள்ளையை அந்த வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனார்.