கத்திரி வெயிலில் அசை நின்ற நாள்

கத்திரி தொடங்கிய நாலாம் நாள், நாத்தனாரின் மாடு வைக்கோலை முகர்ந்து பார்ப்பதோடு நிறுத்திக்கொண்டது. எண்பதுகளின் கடைசி. கிழக்குத் தாம்பரத்தில் அவர் வீடும் எங்கள் வீடும் அடுத்தடுத்து இருந்தன. மகளின் பிரசவத்துக்காகத் திருச்சிக்குக் கிளம்பியவர், உனக்குத்தான் ஸ்கூல் லீவாச்சே என்று தன் ஜெர்சிக் கலப்புப் பசுவை என் தலையில் கட்டிவிட்டுப் போனார். நான் கணக்கு டீச்சர். மாட்டுக்கு நாலு கால், ஒரு வால் என்பதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது. போதாததற்கு அது ஐந்து மாதச் சினை.

ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகைக்குள் பகலில் நிற்க முடியாது. மாடு நாக்கைத் தொங்கப்போட்டு இரைத்தது. எச்சில் நூல் நூலாக ஒழுகி, தரையெல்லாம் ஈரம். லாரியில் வந்த தண்ணீரில் பாதியை அதன் முதுகில் ஊற்றினேன். நாம் குளிக்க வேண்டாமா என்று கேட்ட என் வீட்டுக்காரரிடம் எரிந்து விழுந்தேன். எனக்குப் பயம் எப்போதும் கோபமாகத்தான் வெளியே வரும்.

சனிக்கிழமை பின்தெருவில் ஒரு கல்யாணம். விருந்தில் மிஞ்சியதை மாடு வைத்திருக்கும் வீட்டுக்கு அனுப்புவது எங்கள் பக்கத்து வழக்கம். அன்னக்கூடை நிறையச் சோறும் அரை வாளிப் பாயசமும் வந்து இறங்கின. நாள்கணக்கில் பட்டினி கிடந்த மாடு வாளிக்குள் முகத்தைப் புதைத்து உறிஞ்சியது. அப்பாடா, ஏதோ ஒன்று இறங்குகிறதே என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. அன்னக்கூடையையும் அப்படியே கவிழ்த்தேன்.

காலையில் அது எழுந்திருக்கவில்லை. இடப்பக்க வயிறு புடைத்திருந்தது. சாணி தண்ணீராகப் போய், புளித்த மாவு வாடை வீசியது. எந்நேரமும் ஆடிக்கொண்டிருக்கும் அந்தத் தாடை அசையவே இல்லை. நாத்தனார் முகத்தில் எப்படி விழிப்பேன் என்ற ஒரே நினைப்புதான் எனக்கு. வீட்டுக்காரர் சைக்கிளை மிதித்துப் போய், தெருமுனையில் குடியிருந்த மாட்டு டாக்டரைக் கூட்டிவந்தார்.

டாக்டர் சின்ன வயசுக்காரர். வயிற்றில் காதை வைத்துக் கேட்டார். "என்ன போட்டீங்க டீச்சர்?"

சொன்னேன்.

"இந்த வெயில்ல மாடு இரைச்சு இரைச்சு எச்சிலையெல்லாம் வெளிய விட்டுடும். வைக்கோல் திங்காது, அசை போடாது. எச்சில் உள்ள போனாத்தான் வயித்துப் புளிப்பு அடங்கும். ஏற்கெனவே புளிச்சுக் கிடந்த வயித்துல ஒரு கூடை சோத்தைக் கொட்டியிருக்கீங்க. உள்ள இருக்கற கிருமியெல்லாம் செத்துப்போச்சு."

"கிருமி செத்தா நல்லதுதானே சார்?"

"மாடு எங்க வைக்கோலத் திங்குது? அந்தக் கிருமிங்கதான் திங்குது. அதுங்க திங்கறதுலதான் இது உயிர் வாழுது."

ரப்பர் குழாயை வாய் வழியாகச் செருகி, ஆப்ப சோடா கரைத்த தண்ணீரை உள்ளே விட்டார். இது புளிப்பை மட்டும்தான் முறிக்கும், செத்த கிருமிக்குப் பதில் உயிரோடு வேறு கிருமி வேண்டும் என்றார். "கறிக்கடைக்கு ஓடுங்க. இப்ப அறுத்த ஆட்டு வயித்துல இருக்கறதப் பிழிஞ்சு சூடு ஆறாமக் கொண்டாங்க. மாட்டோடது கிடைச்சா இன்னும் நல்லது. அதுக்கெல்லாம் நேரமில்ல."

காபி பிளாஸ்க்கையும் தூக்குவாளியையும் எடுத்துக்கொண்டு ஓடினேன். ஞாயிற்றுக்கிழமை, மாதா கோயிலில் பூசை முடிந்த நேரம். கறிக்கடை வரிசையில் பாதிப்பேர் என் வகுப்புப் பிள்ளைகளின் அப்பா அம்மா. எல்லாரையும் இடித்துத் தள்ளிக்கொண்டு முன்னால் போனேன்.

"இன்னா டீச்சர், குடல் வோணுமா?" என்றார் கடைக்காரர்.

"குடல் வேணாம். உள்ள இருக்கறது வேணும்."

"அத்த இன்னாத்துக்குக் கேக்கற? குப்பையில போற சமாச்சாரம் அது."

எனக்கு வந்த கோபத்தில் கத்தினேன். "மாடு சாவுதுய்யா!"

அவர் கத்தியை எடுத்தார். அப்போதுதான் அறுத்த நாலு ஆட்டின் இரைப்பையைக் கிழித்து, தன் தோளில் கிடந்த துண்டிலேயே பிழிந்து கொடுத்தார். பச்சையாக, வெதுவெதுப்பாக இருந்தது. வரிசையில் நின்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். நான் பிளாஸ்க்கை மார்போடு அணைத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன்.

டாக்டர் அவ்வளவையும் குழாய் வழியாக உள்ளே ஊற்றினார். "இனிமே அது கையிலதான் இருக்கு," என்றார். கன்று என்னாகும் என்று கேட்டேன். மாடு முதலில் எழட்டும் என்றார்.

அன்று பகலும் இரவும் அந்தத் தாடையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். செபமாலை கையில் இருந்தும் ஒரு மணிகூட ஒழுங்காக நகரவில்லை. திங்கட்கிழமை மத்தியானம் மாட்டின் தொண்டையில் ஒரு உருண்டை மேலே ஏறியது. தாடை மெதுவாக ஒரு பக்கம் நகர்ந்தது. வாய்விட்டு அழுதேன்.

நாத்தனார் திரும்பி வந்ததும், வாசலில் வைத்தே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். வாங்கிக் கட்டிக்கொள்ளத் தயாராக நின்றேன். அவர் பையைக்கூடக் கீழே வைக்காமல் கொட்டகைக்குப் போய், மாட்டின் வயிற்றைத் தடவினார். கன்று அசைவது கைக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

"பெரியவன் கோயில்ல புதுநன்மை வாங்கி, வீட்டுல விருந்து வச்ச அன்னிக்கு நானும் இதேதான் பண்ணேன்," என்றார், என்னைப் பார்க்காமல். "அதுவும் மே மாசம்தான். மிஞ்சின சோறு. அப்ப இருந்த மாடு மறுநாள் செத்துப்போச்சு. வெயில் தாங்கலன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். உன்கிட்டயாவது உண்மையச் சொல்லிட்டுப் போயிருக்கணும். வாய் வரல."

ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் அந்தக் கூடையைத் தொட்டிருப்பேனா என்று கேட்க நாக்கு துடித்தது. கேட்கவில்லை. மாட்டுக்கு என்ன ஆச்சு என்று ஒரு வாரமாக விசாரித்த தெருக்காரர்களிடம், வெயில் தாங்கவில்லை என்றுதான் நானும் சொல்லிக்கொண்டிருந்தேன்.