நம்பிக்கைக்குரிய இளம் நூலகர் ஆன கதை

நூலகர் என்றால் நாள் முழுக்க ஹாயாக உட்கார்ந்து படிப்பவர் என்று ஊரே நினைத்துக்கொண்டிருக்கிறது. இந்த வேலைக்கு வந்த பிறகு நான் ஒரு நாவலைக்கூட முழுசாகப் படித்ததில்லை. நாற்காலிச் சண்டை தீர்ப்பது, போன் சார்ஜ் போட முறை வைப்பது, ஒட்டடை அடிப்பது என்றே பொழுது போய்விடும். உங்களில் யாராவது இதே பாட்டைப் படுகிறவர்கள் இருந்தால் மேலே படியுங்கள். மற்றவர்கள் சிரித்தாலும் கோபமில்லை.

விண்ணப்பம்

மும்பை தாராவியில் ஒரு தமிழ்ச் சங்கத்தின் மாடி அறைதான் என் நூலகம். கல்யாணிலிருந்து லோக்கல் ரயிலில் நின்றுகொண்டே வந்து, சயான் ஸ்டேஷனில் இறங்கி நடந்து போய்த் திறப்பேன். கமிட்டியில் பாதிப் பேருக்கு அந்த அறை மேல் கண். புத்தகங்களைத் தூக்கிவிட்டு, பிறந்தநாளுக்கும் நிச்சயதார்த்தத்துக்கும் வாடகைக்கு விடலாம் என்று கூட்டத்துக்குக் கூட்டம் பேச்சு எழும். எனக்காகப் பேசுகிறவர் செக்ரட்டரி அண்ணாச்சி ஒருவர்தான். தோல் பை வியாபாரி. புத்தகத்தைத் தொட மாட்டார். ஆனால் சங்கம் என்றால் லைப்ரரி இருந்தாக வேண்டும் என்பதில் பிடிவாதம்.

நூலகர்கள் அமைப்பு ஒன்று, வேலைக்கு வந்து சில வருடங்களே ஆனவர்களுக்கு ‘நம்பிக்கைக்குரிய இளம் நூலகர்’ விருது தருவதாக அறிவித்தது. எனக்கு விருதின் மேல் பெரிய ஆசை இல்லை. அறை பிழைக்குமே என்று தோன்றியது. அண்ணாச்சிக்கும் அதேதான் தோன்றியிருக்கிறது.

“விருத மட்டும் வாங்கிட்டு வா தாயி. அதுக்குப் பொறவு எவன் இந்த ரூம்ல கைய வைக்கான்னு பாத்துருவோம்.”

வாசகர் பரிந்துரை

விண்ணப்பத்தோடு வாசகர் ஒருவர் தமிழில் எழுதிய பரிந்துரையும் வேண்டுமாம். என் வாசகர்களில் முக்கால்வாசிப் பேர் பேங்க் பரீட்சைக்கும் ரயில்வே பரீட்சைக்கும் படிக்கிற பிள்ளைகள். வீட்டில் கால் நீட்ட இடமில்லாமல் இங்கே வருகிறவர்கள். புத்தகம் அவர்களே கொண்டுவருவார்கள். என் அலமாரிகள் அவர்களுக்குப் பை மாட்டும் இடம். ஆனால் ஒருநாள்கூட வராமல் இருக்க மாட்டார்கள். அதனால் கார்த்திக்கைக் கேட்டேன். காலையில் கதவு திறக்கும் முன்பே படியில் உட்கார்ந்திருக்கிற பையன். பேனாவை வாங்கி, கொஞ்ச நேரம் தாளையே பார்த்தான். பிறகு திருப்பிக் கொடுத்துவிட்டான்.

“அக்கா, தமிழ் பேசுவேன், எழுத வராது. நீங்களே எழுதிருங்க, நான் சைன் பண்றேன். அந்த ஃபேன் பத்தியும் ரெண்டு வரி போடுங்க, மஸ்த் சல்தா ஹை, ஜோரா சுத்துது.”

நடுவர் வருகை

நடுவராக முலுண்டிலிருந்து ஓய்வுபெற்ற நூலகர் அம்மாள் ஒருவர் வந்தார். அறை நிரம்பி வழிந்தது. ஆனால் ஒரு மேசையிலாவது என் புத்தகம் இருக்க வேண்டுமே. அம்மாள் மேசை மேசையாக எட்டிப் பார்த்தார். எல்லாம் கணக்குப் பயிற்சிப் புத்தகம். விருது போயிற்று, அறையும் போயிற்று என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த நேரம் பார்த்து முத்துலட்சுமி அக்கா வந்தார். துணி தைக்கிற பட்டறையில் வேலை. சாப்பாட்டு இடைவேளையில், தன்னோடு வேலை செய்கிற பெண்களுக்கு நாவல் வாசித்துக் காட்டுவார். அவர்களில் பலருக்குப் படிக்கத் தெரியாது. புத்தகத்தை நீட்டியவரிடம், கதை எப்படி இருந்தது என்று அம்மாள் கேட்டார். அக்கா என்னை ஒரு முறை முறைத்துவிட்டுத்தான் பதில் சொன்னார்.

“நல்லாத்தான் போச்சு. கடைசி ரெண்டு பக்கத்தக் காணும். எல்லாவளும் என் வாயையே பாத்துக்கிட்டு இருக்காளுவ, நான் என்ன செய்ய? கதையில வார அந்தப் பிள்ளைக்கு நானே கல்யாணம் பண்ணி வச்சிட்டேன்.”

பாராட்டு விழா

விருது கிடைத்துவிட்டது. அண்ணாச்சி தன் வீட்டுப் பெண் பாஸான மாதிரி தெருவெல்லாம் லட்டு கொடுத்தார். சங்கத்திலேயே பாராட்டு விழா என்று முடிவானது. கீழ் ஹாலில் தையல் வகுப்பு நடந்ததால் விழா மாடியில், என் அறையில். நாற்காலி போட இடம் வேண்டும் என்று அலமாரிகளைக் கழற்றினார்கள். புத்தகங்களைக் கட்டுக் கட்டாகக் கட்டி, மொட்டை மாடியில் தகரக் கொட்டகைக்குக் கொண்டுபோனார்கள். திங்கட்கிழமை திரும்ப இறக்கிவிடுவதாகத்தான் பேச்சு. நானும் பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கட்டுகளை எடுத்துக் கொடுத்தேன்.

மாலை போட்டார்கள், பொன்னாடை போர்த்தினார்கள். லைப்ரரிதான் சங்கத்தின் உயிர் என்று அண்ணாச்சி நெஞ்சாரப் பேசினார். கூட்டம் கலைந்த பிறகு பொருளாளர் மட்டும் போகவில்லை. காலி அறையை இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர்வரை நடந்து பார்த்தார்.

“ஏ அப்பா, நம்ம ரூமு இம்புட்டுப் பெருசாவா இருந்துச்சு?”

திங்கட்கிழமை

திங்கட்கிழமை யாரும் கட்டுகளை இறக்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு பிறந்தநாள் முடிவாகிவிட்டிருந்தது. அதற்கடுத்த வாரம் நிச்சயதார்த்தம். ஆள் கூலியாவது கொடுங்கள், நானே இறக்குகிறேன் என்று அண்ணாச்சியிடம் கெஞ்சினேன். கமிட்டி முழுக்க ஒரு பக்கம், தான் மட்டும் ஒரு பக்கம் என்றார். விருது வாங்கின பெண்ணுக்கு வேறு லைப்ரரியா கிடைக்காது என்றும் சொன்னார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. அவரைத் திட்டவும் வாய் வரவில்லை. கல்யாண் வரை ரயிலில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். அறை பூட்டியே கிடக்க, பரீட்சைப் பிள்ளைகள் ஒரு வாரம் படியில் உட்கார்ந்து பார்த்தார்கள். பிறகு அவர்களும் வரவில்லை.

பிறந்தநாள் அன்று என் சாமான்களை எடுக்கப் போயிருந்தேன். அறை முழுக்க பலூன், ஸ்பீக்கர் சத்தம். முத்துலட்சுமி அக்கா வாசலில் நின்றுகொண்டிருந்தார், படித்து முடித்த புத்தகம் கையில். உள்ளே பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி உள்ளே பார்த்தார்.

“தாயி, இத எங்க வைக்க?”

விருதுக்கு விண்ணப்பிக்கப்போகும் என் இனத்தாருக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான்: பாராட்டு விழாவை மட்டும் வேறு யார் ஹாலிலாவது வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.